ஆறும் முன் திறந்த சூளை

புதுப் பானையில் தண்ணீர் ஊற்றினேன். ரவாங் நகரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் ஏழாவது மாடிவரை மண் மணம் ஏறி வந்தது. உன் மகள் சுட்ட பானை. உன்னுடையதைவிட வாய் வட்டம் ஒழுங்காக இருக்கிறது. நீ போய்ச் சேர்ந்துவிட்டதால் தைரியமாகச் சொல்கிறேன்.

நாற்பது வருட நட்பில் நீ எனக்கு இட்ட கட்டளை ஒன்றுதான். புக்கிட் பெலிம்பிங் கிராமத்தில் உன் சூளை எரிந்து முடிந்ததும், லாலாங் புல்லும் களிமண்ணும் பூசி மூடியதை இரண்டு நாள் தொடக்கூடாது. "அது தூங்குதுடா, எழுப்பாதே" என்பாய். நான் படித்தவன். சூடு எப்படி இறங்கும் என்று உனக்கே விளக்கியவன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பொங்கலுக்கு ஒரே சூளைதான் தேறியது. மற்றதையெல்லாம் மழை கெடுத்துவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தாய்த் தோட்டக் குடும்பங்களுக்குப் பொங்கல் பானை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாய். நீ குளிக்கப் போன நேரம், உள்ளே கனன்ற சிவப்பைப் போனில் படம் பிடிக்க ஆசைப்பட்டு, பூச்சில் ஒரு கையளவு பெயர்த்தேன். காற்று உள்ளே போனது. டிங் என்றது ஒரு பானை. பிறகு இன்னொன்று.

தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்தாய். "படம் நல்லா வந்துச்சாடா?"

வேறொன்றும் கேட்கவில்லை.

ஆறியபின் ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டாய். முழுசாய் இருந்த ஒன்றை ஒதுக்கினாய்.

"விரிசலே இல்லையே லா?" என்றேன்.

பதிலுக்குத் தண்ணீர் ஊற்றினாய். சற்றுப் பொறுத்து, அடியில் முடி போல ஓர் ஈரக்கோடு. என் படிப்பெல்லாம் அந்தக் கோட்டில் கசிந்து போனது. கண்ணுக்குத் தெரியாததைக் காதால் பார்த்தவனை அன்றுதான் கண்டேன். பாதிக்கு மேல் தேறவில்லை.

பானை வாங்க வந்தவர்களிடம், "நான்தான் அவசரப்பட்டுத் திறந்துட்டேன்" என்றாய். நேற்றுக் களிமண் தொட்டவனும் செய்யாத தவறு. பக்கத்திலேயே நின்றேன். மூடியதைத் திறக்கும் பழக்கம் அன்றைக்கு என் வாய்க்கு மட்டும் வரவில்லை.

போன வாரம் சந்தையில், அன்று வெறுங்கையோடு திரும்பிய ஓர் அம்மாவைப் பார்த்தேன். சூளையைத் திறந்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்ண்ணே" என்றார், கத்தரிக்காயைப் பொறுக்கியபடி. "அவராவது, அவசரப்படுறதாவது! எல்லாருக்கும் தெரியும்."

"பிறகு ஏன் யாருமே கேட்கல?"

"அவரே தன்மேல போட்டுக்கிட்டாரு. அதுக்கு மேல நாங்க என்ன கேக்க?"

நீ சொன்ன அந்த ஒரு பொய்க்காக, அத்தனை குடும்பங்களும் இத்தனை வருடம் என்னிடம் முகம் சுளிக்காமல் பேசியிருக்கின்றன. அங்கே எனக்குக் கிடைத்த மரியாதை முழுவதும் உன்னுடையது. திருப்பித் தராமல் இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன்.