ஆடுகிற சொட்டு

ஜூன் 3, திங்கள்

டபுள் டூட்டி முடித்து வந்தும் படுக்கவில்லை. இதழில் நீர்ச்சொட்டு வைத்துப் படமெடுக்க ஜன்னலோரம் செம்பருத்தியோடு உட்கார்ந்தேன். போனில் மாட்டுகிற கிளிப் லென்ஸ் மகள் ஆன்சி அனுப்பியது. காலியான கண் மருந்து பாட்டிலில் தண்ணீர், கொஞ்சம் கிளிசரின். அது கலந்தால்தான் சொட்டு இதழில் ஓடாமல் நிற்கும். இருபத்திரண்டு படம், ஒன்றுகூடத் தெளிவில்லை. எப்படி வரும்? எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் வீடே அதிருது.

மனைவி ரோசி டீ கொடுத்தாள். அரை டம்ளர். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். பாலுக்கு அவ்வளவு பஞ்சமா என்றேன். டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போனாள். எனக்கும் சண்டை போடத் தெம்பில்லை.

ஜூன் 5

நந்தியாவட்டை. பதினெட்டு படம். லாரி, லாரி, லாரி.

ஜூன் 6

யார்டில் ஒரு கன்டெய்னர் பெட்டியை லாரிமேல் இறக்க இன்று நாலு தடவை ஆயிற்று. இருபத்தாறு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறேன், ஒரே தடவையில் உட்கார வைப்பவன். கீழே நின்று எனக்குச் சைகை காட்டும் பிராங்கிளின் இரண்டடி தள்ளிப் போய் நின்றான். இறங்கியதும் கேட்டான்: "இன்னா மாமு, கண்ணு தெர்லயா?"

காற்று என்றேன். காற்று அடித்ததா? ஞாபகமில்லை.

ஜூன் 11

லாரிக்காரர்கள் ஸ்டிரைக். யார்டிலும் வேலையில்லை. காலையிலிருந்து ரோட்டில் ஒரு வண்டி கிடையாது. திருவொற்றியூரில் காக்கா கத்துவது கேட்கிறது. ஃபேனையும் நிறுத்திவிட்டு எடுத்தேன்.

பத்துப் படம். பத்தும் ஆடியிருக்கு.

பூ அசையவில்லை. சொட்டும் அப்படியே நிற்கிறது. போன்தான் ஆடுது — என் கை. இத்தினி நாளா லாரி மேலயா பழி போட்டுகினு இருந்தேன்? இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். மார்ச்சிலிருந்தே எழுத்து கோணல்.

ரோசி பார்த்துக்கொண்டே நின்றாள். "தவக்காலத்துலயே தெரியும்யா. டீய நெறைய ஊத்துனா கை மேல கொட்டிக்கும்னுதான் பாதி ஊத்துனேன். நீயா சொல்லுவன்னு பாத்துகினு கீறேன்."

பயமாக இருக்கிறது. அடுத்த மாசம் கம்பெனியில் மெடிக்கல் செக்கப். ஏதாவது மாத்திரை போட்டு அன்றைக்கு மட்டும் ஒப்பேற்றிவிடலாம். ரிடையராக மூணு வருஷம்தானே பாக்கி.

பிராங்கிளின் கீழே நிற்பானே?

ஜூன் 12

தூக்கமே இல்லை. ஸ்டிரைக் முடிந்துவிட்டதாம். நாளை டூட்டி.

ஜூன் 13

கிரேனில் ஏறவில்லை. கை நடுங்குகிறது, இனி ஓட்ட முடியாது என்று ஆபீசில் லெட்டர் கொடுத்தேன். மேனேஜர் டாக்டர் சீட்டு கேட்டார். அதுவரைக்கும் கேட்டில் உட்கார்ந்து பெட்டி நம்பர் சரிபார்க்க வேண்டும். அதற்கப்புறம் வேலை உண்டா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிராங்கிளினிடம் நானே போய்ச் சொன்னேன். கேன்டீனுக்குக் கூட்டிப்போனான்.

வீட்டுக்கு வந்ததும் ரோசி டீ வைத்தாள். டம்ளர் நிறைய. நான் எடுத்தபோது அடியில் அவளும் பிடித்துக்கொண்டாள்.