வாயில் கவ்விய தாலி

இன்று மலையில் வேனுக்குள் ஏறியதும் மஞ்சள் வாசனை முகத்தில் அடித்தது. எக்ஸ்ரே எடுக்க நின்ற ஒரு அம்மாவின் தாலிக்கயிறு, புதிதாக மஞ்சள் பூசியது. உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் உன்னிடம் சண்டை போட ஒரு காரணம் கிடைத்துவிட்டதடி.

ஆலங்காயம் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ ஜவ்வாது மலை ஊர்களுக்குப் போகும் எக்ஸ்ரே வேனில் வேலைக்குச் சேர்ந்தாய். நான் சென்னையில், நெஞ்சுப் படத்தைப் பார்த்துக் காசநோயைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பாடம் நீ எடுத்த படங்கள்தான். "உன் மிஷினுக்கு சோறு போட்றதே நானு, ஞாபகம் வெச்சுக்க" என்பாய்.

மலைப் பெண்கள் தாலியைக் கழற்ற மாட்டார்கள். ஒருமுறை உன்னோடு வந்தபோது, இருமிக்கொண்டே நின்ற ஒருத்தியிடம், "கழட்ட வாணாம்மா, வாயில கவ்விக்கிங்க" என்றாய். தாலி மேலே போய்விட, நெஞ்சு தெளிவாக விழுந்தது. அடுத்து வந்தவள் திடமாக இருந்தாள். அவளை அப்படியே நிற்கவைத்து எடுத்தாய். "பஸ்ஸு போய்ட்டா இவங்க வூட்டுக்கு நடந்துதான் போவணும். யாரப் பாத்தா சந்தேகமா கீதோ அவங்களுக்கு மெனக்கெட்டா போதும்டி" என்றாய். வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

போன மாதம், கம்ப்யூட்டரை முதன்முதலாக வைத்துப் பார்த்த உன் வேனுக்கு வந்திருந்தேன். வாசலில் ஒருவர் என்னை மறித்தார். சாமை விதைக்கிறவர். பக்கத்தில் அவர் மனைவி, எலும்பும் தோலுமாக. "கம்ப்யூட்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லிச்சுங்க. அப்புறம் இன்னாத்துக்கு இவ இப்டி எளைக்கிறா?" என்று கேட்டார். படத்தைத் திறந்தேன். உன் இடத்துக்கு வந்தவர் எல்லாப் பெண்களையும் தாலியோடுதான் எடுக்கிறார். தாலிக்குப் பக்கத்திலேயே நோயின் நிழல் தெரிந்தது. சளிப் பரிசோதனையும் காசநோய் என்றது.

திரையில் தாலியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி கேட்டேன். கம்ப்யூட்டர் உடனே 'நோய்' என்றது. பெண்களின் படத்தில் அது நுரையீரலைப் பார்க்கவேயில்லை. நெஞ்சில் தாலி தெரிந்தால் நலம், தெரியாவிட்டால் நோய். உன் படங்களிலிருந்து அது கற்றுக்கொண்டது இதைத்தான். சோதித்துப் பார்த்ததும் உன் படங்களை வைத்தே என்பதால் அதுவரை எல்லாம் சரியாகவே வந்தது.

அதை எல்லா மலை வேன்களுக்கும் கொடுக்க இருந்தார்கள். அதற்கு உன் பெயரையே வைப்பதாக முடிவு. உன் அம்மாவிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. நான் நிறுத்தச் சொன்னபோது கூட்டத்தில் ஒருவர், "அப்ப படம் எடுத்தவங்க சரியா எடுக்கலன்னு எழுதிடலாம்" என்றார். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அவ கையில எந்த நோயாளியும் தப்பல சார். தப்பாப் படிச்சது நம்ம மிஷின்" என்றேன். நிறுத்திவிட்டார்கள். உன் பெயரும் அதோடு போயிற்று. உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

'ஒன்றுமில்லை' என்று அனுப்பப்பட்டவர்களைத் திரும்ப அழைத்துப் படம் எடுக்கிறோம். சிலர் இன்னும் வரவில்லை. அவர்களை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. வருகிறவர்களிடம் நானே சொல்கிறேன், "கழட்ட வாணாம்மா, வாயில கவ்விக்கிங்க." நீ சொல்கிற மாதிரியே வருகிறது. கயிற்றைப் பல்லில் பிடித்தபடி அவர்கள் என்னையே பார்க்கிறார்கள். அந்தக் கொஞ்ச நேரம் யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது.

படம் எடுத்து முடிந்து, ஈரக் கயிற்றை முந்தானையில் துடைத்துக்கொண்டே இன்றைக்கு அந்த மஞ்சள் கயிற்று அம்மா கேட்டார்: "அன்னிக்கே ஏம்மா இப்டி எடுக்கல?"