அடி வாங்கியவளுக்கு யார் கைதட்டினார்கள்?

திருவண்ணாமலை
19-1-1987

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதே கோபம் வருகிறது. ஆனாலும் கேட்கிறேன். லாட்ஜ் சமையல் வேலையில் நான் சௌக்கியம்.

நேற்று ஒரு வேடிக்கை. குடியை விட நினைப்பவர்கள் ஞாயிறுதோறும் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுகிறார்களாம். உங்களுக்காகத் தேடிப் போனேன்.

"நீ குடிப்பியாம்மா?" என்றார் ஒருவர்.

"குடிக்கிறவரோட பொண்டாட்டிங்க" என்றேன். உட்காரச் சொன்னார்கள்.

ஒரு லாரி டிரைவர் எழுந்து, மனைவியை அடித்ததையெல்லாம் சொல்லி, இப்போது குடிப்பதில்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடி வாங்கினவளுக்கு யாருங்க கை தட்டனாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் தலைகுனிந்து, "யாரும் இல்லம்மா. நானே இன்னும் மன்னிப்பு கேக்கல" என்றார்.

ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் சாமிமேல் செய்த சத்தியங்களைவிட அது மேல்.

வரும் ஞாயிறு பாப்பாவோடு பஸ் ஏறுங்கள். என் கம்பளியையும் எடுத்து வாருங்கள். குளிரில் தூக்கமே வருவதில்லை. சத்தியம் ஒன்றும் வேண்டாம், குடிக்காமல் வந்து இறங்குங்கள். அந்தப் பள்ளிக்கூட வாசல்வரை நான் வருவேன். உள்ளே நீங்கள்தான் எழுந்து பேச வேண்டும்.

உலை கொதிக்கிறது, போகிறேன்.

சந்திரகலா