அம்மா கூப்பிடும் இடம்

காலேபுக்கு,

கிறிஸ்துமஸ் அன்று சொன்னதிலிருந்து நான் மாறவில்லை. பெற்றவனைத் திட்டி ராப் பாடுவது ஒரு பிழைப்பல்ல. சித்தூர் மாங்காய் மண்டியில் கூடை இறக்கும் பையன்கள் என்னைக் கண்டாலே அந்தப் பாட்டைப் போடுகிறார்கள். "இன்னா மாமா, உன் புள்ளையோட சேந்து திருப்பதியே உன்னைத் திட்டிக்கினு கீது! ஃபேமஸ் ஆயிட்டே!" என்று சிரிக்கிறார்கள்.

திருப்பதியில் உனக்கு ஒரு பாட்டுக் கம்பெனி கிடைத்திருப்பதாக உன் அக்கா சொன்னாள். பாட்டைத் தெலுங்கில் மறுபடி பதிவு செய்து, பழையதை நெட்டிலிருந்து எடுத்துவிடப் போகிறாயாம்.

எடுக்கச் சொன்னவன் நான்தான். இப்போது எடுக்காதே.

அந்தப் பழைய பதிவில், பாட்டு தொடங்குமுன் உன் அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவாளே, "டேய் காலேபு, துன்னுட்டுப் போடா" என்று. பக்கவாதம் வந்தபின் அவளுக்குப் பேச்சு இல்லை. அவள் குரல் வேறெதிலும் இல்லை. நான் கஞ்சி ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். அந்தப் பாட்டைப் போட்டால்தான் வாசலைப் பார்த்துக்கொண்டே வாய் திறக்கிறாள்.

பிறகு நீ என்னைத் திட்டத் தொடங்குகிறாய். நான் நிறுத்துவதில்லை. கிண்ணம் காலியாகும்வரை ஓடுகிறது.

உன்னை வரச்சொல்லி இதை எழுதவில்லை.

இப்படிக்கு,
உன் பாட்டில் வரும் நைனா