ஒடியாத எலும்புக்குக் கம்பி

12.3.1983, சனி

மனைவி முத்தம்மாவின் இடது தொடை எலும்பில் புற்றுநோய் இறங்கியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் மார்பில் அறுத்து எடுத்ததன் மிச்சம். எலும்பு இன்னும் ஒடியவில்லை. ஒடிவதற்குள் அறுத்து உள்ளே கம்பி வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர் ஜெயபாலன். திங்கட்கிழமையே அட்மிட் பண்ணச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவளிடம் வெறும் வாதம் என்று சொல்லியிருக்கிறேன்.

13.3

அவள் தம்பி அர்ச்சுனன் தாப்பாவிலிருந்து வந்தான். என் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஓடுற லோரிய எவனாச்சும் ஒர்க்‌ஷாப்புல விடுவானா மச்சான்?"

எனக்கும் அதே சந்தேகம்தான். தோட்டத்திலிருந்து வரும் ரப்பர்க் கட்டிப்பாலையே அறுத்து, உள்ளே கல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடை போடுகிறேன். ஒருவர் பேச்சை நம்பி இவள் காலைக் கொடுப்பதா?

14.3

போகவில்லை.

16.3

எக்ஸ்ரே படத்தை ஒரு சீன டாக்டரிடம் காட்டினேன். முதல் டாக்டர் சொன்னதைப் பற்றி மூச்சு விடவில்லை. விளக்கில் பிடித்துப் பார்த்தவர், இந்தக் காலோடா இன்னும் நடக்கிறாள் என்று மலாயில் கேட்டார். திரும்பிப் படுத்தாலே ஒடியுமாம்.

வீட்டுக்கு வந்தால், மாடிப்படியில் பாதியில் நிற்கிறாள். இடுப்பில் துணிக்கூடை.

"அசையாத. அப்படியே நில்லு."

"என்ன, பாம்பா?"

"ஒன் காலு லா. ஒடிஞ்சிரும்."

அங்கேயே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இன்னும் ஊர் திரும்பாத அர்ச்சுனனும் நானும் நாற்காலியோடு தூக்கி இறக்கினோம்.

"நாலு நாளா தெரிஞ்சே என்னைப் படி ஏற விட்டீங்களா?"

ஆமாம் என்று ஒத்துக்கொண்டு, அன்றைக்கே டாக்டர் ஜெயபாலனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

18.3, ஆஸ்பத்திரி

எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்று ஆகியும் ஒரு சேதியும் இல்லை. மேசைக்கு மாற்றும்போது ஒடிந்திருந்தால்? என் நாலு நாள் — எழுத ஓடவில்லை.

பன்னிரண்டரை. கம்பி ஏறிவிட்டது. ஒடியவில்லை. நோய் தீராது, வலி குறையும், நிற்க முடியும், அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

2.4

கைத்தாங்கியைப் பிடித்துக் கதவுவரை நடந்தாள். அடுத்து கோலாலம்பூரில் கதிர்வீச்சுச் சிகிச்சை. அதற்குச் சம்மதிக்க அவள் போட்ட நிபந்தனை இரண்டு. டாக்டர் என்னிடம் சொல்வது அன்றைக்கே அவளுக்கு முழுசாக வந்துவிட வேண்டும். இனி ஒரு ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை அவள்தான் சொல்வாள்.

"கொறச்சுக் கேக்காதீங்க," என்றாள்.

பேரம் பேசவில்லை. சரி என்றேன். விலா எலும்பிலும் இரண்டு இடத்தில் நோய் இருப்பதாகக் காலையில் டாக்டர் சொன்னதை அப்போதே சொன்னேன்.