அதிரசத்தில் வந்த பொற்காசு

மும்மலைக் காவலரும், ஏழு ஏரிகள் வெட்டுவித்து, எட்டாவதைக் கையில் பொருள் சேரும்வரை தள்ளிவைத்தவருமான முல்லைக்கோட்டு வேந்தர் செங்கோடர், ஆழிக்கரை நாட்டுப் பட்டத்தரசியும் நம் ஒரே தங்கையுமான தேமொழி நங்கைக்கு விடுக்கும் ஓலை. உன் துறைகளில் கலங்கள் நிறைக. உன் குடிகள் குறைவின்றி வாழ்க. நீயும் வாழ்க, இதை முழுதும் படித்த பிறகு.

பதினோரு வயதாகியும் காசின் அருமை அறியவில்லை என்று நீயே எழுதி, உன் மகன் இளஞ்சேந்தனை நம் பள்ளிக்கு அனுப்பினாய். பள்ளியின் முறையை அன்றே தெரிவித்தோம். அரசன் மகனாயினும் உப்பு வணிகன் மகளாயினும் திங்களுக்குப் பன்னிரண்டு வெள்ளிக்காசு. சோறு மட்டும் பள்ளியுடையது. விளக்குக்கு எண்ணெய், துணி வெளுப்பு, தின்பண்டம் யாவும் அந்தக் காசுக்குள். வீட்டிலிருந்து காசோ பொன்னோ வந்துசேர்ந்தால் பிள்ளை ஊர் திரும்ப வேண்டும்.

மருமகன் முதல் நாளே சந்தையில் ஒரு கிளியும் இரண்டு முரசும் வாங்கி, உடன் வந்த காவலர் பதினால்வருக்கும் எள்ளுருண்டை வழங்கி, பொழுது சாய்வதற்குள் வெறுங்கையனானான். மூன்றாம் நாள் அழுக்கு ஆடையோடு பாடம் கேட்டான். ஐந்தாம் நாள், தனக்குத் தெரிந்த ஒரே தொழில் பதின்மூன்று மடிப்புத் தலைப்பாகை கட்டுவதே என்று கண்டுகொண்டு, தலைக்கு ஒரு செப்புக்காசு என்று அறிவித்தான். இப்போது சமையற்காரர் உட்பட எல்லோரும் அரசர் போல நடமாடுகிறார்கள். நம் முறை இன்னும் வரவில்லை. வரும் காசை இன்றைய செலவுக்கு, நாளைய தேவைக்கு, பிறர் உதவிக்கு என்று மூன்று கலயங்களில் பிரித்துப் போடுகிறான். கிளிக்கும் தினை அளந்துதான் வைக்கிறான்.

இந்நிலையில் உன் அதிரசப் பெட்டி வந்தது. மருமகன் முதல் அதிரசத்தை மரியாதையாகத் தன் ஆசிரியரான கணக்காயர் நப்பாலனாருக்கு அளித்தான். ஆசிரியர் கடித்தார், அவர் கடைவாய்ப்பல் ஒன்றும், உன் கணவர் முகம் பொறித்த பொற்காசு ஒன்றும் சேர்ந்து விழுந்தன. மற்றவற்றையும் பிட்டுப் பார்த்ததில் மொத்தம் நாற்பது பொன்.

முறைப்படி பையனை அனுப்பிவிடுமாறு கணக்காயர் கன்னத்தைப் பிடித்தபடி கோரினார். மருமகனோ, ஒன்பது பேர் முன்பணம் தந்திருப்பதாகவும், பாதியில் போனால் தன் வாக்கை இனி எவரும் நம்பமாட்டார்கள் என்றும் நம்மிடம் முறையிட்டான். அவையைக் கூட்டி ஆராய்ந்தோம். பொன்னைக் கேட்டவன் அவனல்லன், அனுப்பியவள் நீ. எனவே பிள்ளை இங்கே இருக்கலாம், ஆனால் அனுப்பியவர் ஒரு திங்கள் அதே பள்ளியில் அதே பன்னிரண்டு காசில் வாழ வேண்டும் என்று அவை தீர்த்தது. அவனுக்குச் சம்மதமா என்று கேட்டோம்.

"அம்மாவே வரட்டும், மாமா. என்னைவிட அவருக்குத்தான் இது அவசரம்" என்றான்.

ஆதலின், பங்குனி முழுநிலாவுக்குள் ஒரே பெட்டியோடு, தோழியர் எவருமின்றி வந்து சேர்க. உன் நாற்பது பொன்னும் நம் கருவூலத்தில் உள்ளன. திரும்பும் நாளில் பெற்றுக்கொள்க. இது ஆணை.

நம் முத்திரை இட்டோம். சிறு வயது முதல் நம் சொல்லை நீ கேட்டதில்லை ஆதலால், ஆள் அனுப்பி உன் கணவரின் இசைவையும் கேட்டு, அவர் முத்திரையையும் அருகில் பெற்றிருக்கிறோம். சென்ற குதிரை இளைப்பாறும் முன்பே அவர் இசைந்துவிட்டார்.