காலையில் என்ன தின்றாய் என்று கேட்ட சாருக்கு

சாரே,

இன்று காலை எங்கள் அடுப்பில் பலாக்கொட்டை சுட்டேன். தோல் வெடித்து மணம் எழுந்ததும் என் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. மழைக்காலம் முழுக்க உங்கள் சட்டைப் பையில் சுட்ட பலாக்கொட்டை இருக்கும். பிரம்பை எடுத்துக்கொண்டு நீங்கள் நடந்து வந்தால் அந்த மணம்தான் முதலில் வந்து சேரும். உங்களை அடக்கம் செய்து மூன்று நாளாகிறது. என் கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் எழுத வேண்டும் என்கிறாள் அம்மை. நல்லதையெல்லாம் உங்கள் வீட்டார் சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது மற்றதுதான்.

என்னை உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்தாம் வகுப்பில் கடைசிப் பெஞ்சு, சுவர் ஓரம். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எழுந்து நிற்பேனே தவிர வாய் திறக்க மாட்டேன். ஊமை என்று எனக்குப் பெயர் வைத்தவர் நீங்கள். பிறகு வகுப்பு முழுவதும் அப்படியே கூப்பிட்டது.

தமிழ்ப் பிரிவை வைப்பதா மூடுவதா என்று பார்க்க நெய்யாற்றின்கரையிலிருந்து அதிகாரி வந்த நாளைச் சொல்லுகிறேன். முந்தின நாளே ஊரில் அப்பாக்கள் எல்லாரும் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். எனக்கு அப்பா ஒரே ஒரு வாக்கியம் பழக்கித் தந்தார். "எங்க வீட்டில தமிழாக்கும் பேசுறது, எங்களுக்குத் தமிழ் எழுத்து வேணும்." வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். எனக்குக்கூடச் சொல்ல முடியும் போலிருந்தது.

ஆனால் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்ற அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை. அதிகாரி இளநீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தீர்கள். பிறகு எங்களைப் பார்த்து மலையாளத்தில், "ராவிலெ எந்து கழிச்சு?" என்று கேட்டீர்கள். காலையில் என்ன தின்றாய் என்று. இதற்கு யார் பயப்படுவார்கள்? முதல் பெஞ்சு கஞ்சி என்றது. அடுத்தது பயறு. இன்னொருத்தி மரச்சீனிக் கிழங்கும் சம்மந்தித் துவையலும் என்றாள். ஒருத்தன் எழுந்து மலையாளத்திலேயே, ரெண்டு தடவை கஞ்சி குடித்தேன் சாரே, அம்மைக்குத் தெரியாது என்றான். எல்லாரும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே அதிகாரி பக்கம் திரும்பி, நாம் தின்பதைத்தானே இவர்களும் தின்கிறார்கள், நாம் கேட்பதும் புரிகிறது, இதில் தமிழ் எங்கே இருக்கிறது என்றீர்கள். அவர் எழுதிக்கொண்டார்.

கடைசியாக நான் எழுந்தேன். அப்பாவின் வாக்கியம் தொண்டைவரை வந்து நின்றது. "அது ஊமையாக்கும் சாரே, விட்டுருங்க" என்று அதிகாரியிடம் சொன்னீர்கள். அவர் பேனாவை மூடினார்.

எங்களுக்குத் தமிழ் சொல்லித் தந்த நீங்கள், ஞாயிறுதோறும் வேதக்கோயிலில் தமிழில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற நீங்கள், அதைச் செய்தீர்கள். அடுத்த வாரம் தமிழ்ப் பிரிவு இல்லை. மாதம் முடிவதற்குள் நீங்கள் தலைமையாசிரியர். என் சிலேட்டில் எழுதியிருந்த என் பெயரை உங்கள் உள்ளங்கையால் துடைத்துவிட்டு, இனி மலையாளத்தில் எழுதிப் பழகு என்று கையில் தந்தீர்கள். வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்தவர், குடிக்காமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

அம்மையின் கஞ்சிக்கடை உங்களுக்குத் தெரியும். பாறசாலைச் சந்தைக்குப் போகிற வழியில், தென்னைக்குக் கீழே. தமிழ் நாட்டுக்கும் மலையாள நாட்டுக்கும் எல்லை எங்கே விழும் என்று அங்கே தினமும் வாய்வழக்கு நடக்கும். ஊர்வலம் போகிறவர்கள் கஞ்சி குடித்துவிட்டுப் போவார்கள். அவர்களைப் பிடிக்கிற போலீஸ்காரரும் கஞ்சி குடித்துவிட்டுத்தான் போவார். வேலைக்குப் போகும் பெண்கள் சின்னப் பிள்ளைகளைக் கடைக்குப் பின்னால் என்னிடம் விட்டுப் போனார்கள். அங்கேதான் தொடங்கினேன். நல்ல எண்ணத்தில் தொடங்கினேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள்மேல் இருந்த வெறுப்பில்தான் தொடங்கினேன்.

உங்கள் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பிள்ளையும் வந்ததும், "காலையில என்ன தின்னே?" என்று கேட்பேன். தின்றது எதுவோ அதன் முதல் எழுத்துதான் அன்றைக்கு. அவல் தின்றவனுக்கு அ. இஞ்சி போட்ட காப்பி மட்டும் குடித்தவளுக்கு இ. பயறுக்கு ப, மரச்சீனிக்கு ம. வாழையிலையை மடியில் வைத்து ஈர்க்கால் கீறினால் எழுத்து கறுத்து நிற்கும். சிலேட்டை விட நன்றாகத் தெரியும். எழுதி முடித்ததும் அந்த இலையிலேயே மரச்சீனி வைத்துத் தருவேன். தின்றபின் இலை ஆட்டுக்கு. ஓர் எழுத்துகூட மிஞ்சாது. தமிழ் நோட்டீசு தேடி வீடு வீடாகப் போலீஸ் நுழைந்த மாதங்கள் அவை. என் குரல் முற்றத்தைத் தாண்டாது என்பது முதல்முறையாக உதவியது.

ஒரு நாள் ஒரு சின்னவள், "ஒண்ணும் தின்னல்ல" என்றாள். மற்றவர்கள் முகம் வாடியது. உடனே பக்கத்திலிருந்தவன், "அப்போ அக்கா, அவளுக்கு ஒ எழுது!" என்றான். அவளே முதலில் சிரித்தாள். ஒ எழுதி, அதன்மேல் நிறையவே மரச்சீனி வைத்துக் கொடுத்தேன்.

நீங்கள் ஒருமுறை கடைக்கு வந்தீர்கள். அவசரத்தில் அம்மை, பிள்ளைகளுக்காக நான் எழுத்துக் கீறி வைத்திருந்த அடுக்கிலிருந்து ஓர் இலையை எடுத்து உங்கள் முன்னால் போட்டுவிட்டாள். பயற்றை ஒதுக்கியபோது அடியில் ப தெரிந்தது. நான் மறைவில் நின்று பார்த்தேன். நீங்கள் மெதுவாகத் தின்று முடித்தீர்கள். இலையை மடித்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏட்டி, கஞ்சிக்கடையில கஞ்சி மட்டும் போதும்" என்றீர்கள். நான்கு நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் வந்து கூரைவரை கிளறினார். ஆட்டைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியாது. அது அவர் தொப்பியையும் தின்னப் பார்த்தது. நீங்கள்தான் சொல்லி அனுப்பினீர்கள் என்றாள் அம்மை. எனக்கு நிச்சயம் தெரியாது. ஆனாலும் உங்கள் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். இல்லை என்று சொல்ல இனி உங்களால் முடியாது.

அதற்கு அடுத்த மாதம் உங்கள் மகனுடைய மகள், எட்டு வயசு, வேலி இடுக்கு வழியாக வந்து நின்றாள். மற்றப் பிள்ளைகள் விளையாட்டு என்று சொல்லியிருக்கிறார்கள்.

"ஏட்டி, அதை அனுப்பி விடு" என்றாள் அம்மை. "சாருக்க வீட்டுப் பிள்ளையாக்கும். போய்ச் செல்லிப் போடும்."

அனுப்பத்தான் எழுந்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். உங்கள் நெற்றி, உங்கள் காது. இதைவிட நல்ல பழி எனக்குக் கிடைக்காது என்று தோன்றியது. "மக்கா, காலையில என்ன தின்னே?" என்று கேட்டேன். "ஆப்பம்" என்றாள். ஆ எழுதினேன். வேறு எந்தப் பிள்ளைக்கும் அவ்வளவு கவனமாக நான் சொல்லித் தந்ததில்லை. ஒரு பிள்ளையை இப்படிப் பயன்படுத்தலாமா என்று சில நாள் உறுத்தியது. அவள் எழுத்துக் கூட்டி முதல் வார்த்தை வாசித்த நாளில் அந்த உறுத்தலும் போயிற்று.

நீங்கள் காய்ச்சலில் விழுந்தீர்கள். பிறகு கோயில் மணி அடித்தது.

எங்கள் சபை வழக்கம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி வீட்டை விட்டு இறங்குமுன் தமிழில் வேதபுத்தகம் வாசிக்க வேண்டும். அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர்களில் இளையவர்தான் வாசிக்க வேண்டும். உங்கள் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் மலையாளப் பிரிவு. உங்கள் மகனே இளையவர் என்று எல்லாரும் நினைத்து, புத்தகத்தை அவரிடம் நீட்டினார்கள். நான் முற்றத்துக்கு வெளியே பெண்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"நான் வாசிப்பேன்" என்றாள் அவள்.

"ஒனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றார் உங்கள் மகன்.

"தெரியும் அப்பா."

அவள் கையில் புத்தகத்தை வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். சிறுபிள்ளையின் ஆசை என்று விட்டார்கள். அவள் வாசித்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, விரல் வைத்து, நிறுத்தி நிறுத்தி. உங்கள் காலடியில் நின்று, இங்கே இல்லை என்று அதிகாரியிடம் நீங்கள் சொல்லிவிட்ட எழுத்தை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சாரே. கண் திறந்து பார்க்க மாட்டீர்களா என்றிருந்தது.

பாதியில் அவள் நின்றாள். வரியின் தொடக்கத்தில் ஈ. அந்த எழுத்தைச் சொல்லித் தந்த நாளில் அவள் வரவில்லை. சந்தைக்கு ஈச்சம்பழம் வந்த அபூர்வமான நாள் அது. ஆளுக்கு ஒன்று வாங்கித் தந்திருந்தேன். மறுநாள் அவளுக்கு எழுத்தை மட்டும் காட்டினேன், பழம் இல்லை. பழம் தின்னாத எழுத்து அவள் மனதில் நிற்கவில்லை. அவள் தலை நிமிர்ந்து கூட்டத்தில் யாரையோ தேடினாள். உங்கள் மகன் புத்தகத்தை எடுக்கக் கை நீட்டினார்.

"ஈச்சம்பழம்!" என்று கத்தினேன்.

நான்தான் கத்தினேன். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தித் திரும்பினார்கள். "சவத்துக்கு முன்னால தீனிப் பேச்சா, ஆருட்டி அது?" என்றாள் ஒரு கிழவி. "அது கஞ்சிக்கடை ஊமையில்லியா?" என்றாள் இன்னொருத்தி. அம்மை என் கையைப் பிடித்து இழுத்தாள். உங்கள் பேத்தி மட்டும் முகம் மலர்ந்து, ஈ என்று சொல்லி, கடைசி வரைக்கும் வாசித்து முடித்தாள்.

யார் படிப்பித்தது என்று கோயில் மூப்பர் கேட்டார். அவள் விரலை நேராக என்மேல் நீட்டினாள். இம்முறை நான் குனியவில்லை. "நானாக்கும்" என்றேன். அப்பாவின் வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னேன். நான்கு வருஷம் தொண்டையில் கிடந்தது, ஓர் எழுத்தும் கெடாமல் வந்தது. பெட்டியைத் தூக்கினார்கள்.

இனி எல்லாருக்கும் தெரியும். போலீஸ்காரர் மறுபடி வரலாம். எல்லை எங்கள் வாசலுக்கு எந்தப் பக்கம் விழும் என்றும் தெரியாது. இன்று காலை யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். எப்போதும் வருகிற ஏழு பேரும் வந்தார்கள். எட்டாவதாக உங்கள் பேத்தி. உள்ளங்கையைத் திறந்து பலாக்கொட்டைகளைக் காட்டினாள். உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், சுடுவதற்காக நீங்கள் காய வைத்திருந்தவையாம்.

எல்லாவற்றையும் சுட்டுப் பங்கு வைத்தேன். எனக்கும் ஒன்று எடுத்துத் தின்றேன். முதுகுக்குப் பின்னால் போன கையைக் கொண்டுவந்து அந்தக் கையால்தான் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

உங்களை நான் மன்னிக்கவில்லை, சாரே. உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு கேள்விதான். அதை உங்களோடு குழிக்குள் அனுப்பவில்லை, நானே வைத்துக்கொண்டேன். நாளைக்கும் வேலி இடுக்கில் பிள்ளைகள் வந்து நிற்கும்போது அதைத்தான் கேட்பேன், முற்றத்தைத் தாண்டிச் சாலையில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி.